என்ஜினைக் கண்காணிக்க எந்த கேஜ் வாங்கலாம்? பெர்ஃபார்மன்ஸ் காருக்கு ஒரு தொடக்க விளக்கம்

பல கார்களில் வெப்பநிலை முள் ஒரு வேடிக்கையான விஷயம். கூலன்ட் 75 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் சரி, 105-க்குப் போனாலும் சரி, முள் நடுவிலேயே நிற்கும். அது பழுதல்ல, தயாரிப்பாளரே வேண்டுமென்று அப்படி அமைத்திருக்கிறார். மேடு ஏறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் முள் ஏறி இறங்கினால், வாங்கியவர் பதறிப்போய் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்துவிடுவார். அதனால் சாதாரண ஏற்ற இறக்கத்தையெல்லாம் மறைத்துவிட்டு, நிலைமை கைமீறும்போது மட்டும் முள்ளை நகர விடுகிறார்கள். ஆயில் பிரஷர் விஷயம் இதைவிட மோசம். பெரும்பாலும் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் (1 பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) கீழே விழுந்தால்தான் அது எரியும். ஐட்லிங்கில் நிற்கும் வண்டிக்கு அது சரி. 6,000 ஆர்பிஎம்மில் முழு லோடில் ஓடும் என்ஜினுக்கு 2 பார்கூடப் பத்தாது. அந்த வேகத்தில் விளக்கு எரிந்து நீங்கள் கவனிப்பதற்குள் பேரிங் போயிருக்கும்.

மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு இந்த ஏற்பாடு போதும், ஏனென்றால் தயாரிப்பாளர் விட்டுவைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளி பெரியது. பூஸ்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றும்போதும், இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் வரும் நேரத்தை) முன்னே தள்ளும்போதும், டிராக்கில் சுற்றுக்குமேல் சுற்றாக விரட்டும்போதும் அந்த இடைவெளியில்தான் கை வைக்கிறோம். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கூடுதல் கேஜ்கள்.

எதை வாங்குவது என்று யோசிக்கும்போது பலர் டாஷ்போர்டில் எது அழகாக இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைவிட, ஒவ்வொரு அளவையும் எடுத்து இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த எண் கெட்டுப்போனால் என்ஜின் சேதமாக எவ்வளவு நேரம் ஆகும்? அதைப் பார்த்ததும் நான் என்ன செய்வேன்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத கேஜ் வெறும் அலங்காரம்.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போடலாம். 6,000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 100 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது, ஆக வினாடிக்கு 50 முறை. சாலையிலிருந்து கண்ணை எடுத்து, கேஜைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை எடுக்க ஒரு வினாடிக்கு மேலேயே ஆகும். அதற்குள் அந்தச் சிலிண்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெடிப்புகள் நடந்து முடிந்திருக்கும். கூலன்ட் சூடும் ஆயில் சூடும் நிமிடக் கணக்கில் ஏறுபவை, அவற்றுக்கு முள் போதும். கடுமையான நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது), முழு பூஸ்டில் கலவை லீன் ஆவது (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போவது), வளைவில் ஆயில் பிரஷர் விழுவது ஆகிய மூன்றும் கண்ணைவிட வேகமானவை. அவற்றுக்கு எச்சரிக்கை விளக்கு வேண்டும், பதிவு வேண்டும், முடிந்தால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே என்ஜினை அடக்கும் ஏற்பாடும் வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முள்ளானாலும் அந்த இடத்தில் உதவாது.

ஆயிலில் இருந்து தொடங்குங்கள்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்க முடியும் என்றால் நான் ஆயில் பிரஷரைத்தான் சொல்வேன். டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எல்லா என்ஜினுக்கும் பொது. ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் இருக்க வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. 6,000-இல் 4 பாருக்குக் கொஞ்சம் மேலே. இது தோராயம்தான், உங்கள் என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

பிரஷரைத் தனியாகப் படிக்கக் கூடாது, ஆயிலின் வெப்பநிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் ஸ்டார்ட் செய்ததும் 5 பார் காட்டும். நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் அதுவே 1 பார் அளவுக்கு இறங்கும். புதிதாக கேஜ் மாட்டியவர்கள் முதல் வாரத்தில் பதறுவது இதைப் பார்த்துத்தான். இரண்டுமே இயல்பு. அதே வெப்பநிலையில், அதே ஆர்பிஎம்மில், போன மாதம் காட்டியதைவிட இந்த மாதம் குறைவாகக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் வெப்பநிலை கேஜின் அன்றாடப் பயன் பலர் எதிர்பார்க்காத பக்கத்தில் இருக்கிறது. அதிகச் சூட்டைவிட, சூடு போதாததைத்தான் அது அடிக்கடி காட்டிக்கொடுக்கும். கூலன்ட் சில நிமிடங்களில் 80 டிகிரியைத் தொட்டுவிடும், ஆயிலுக்கு அதைவிட நிறைய நேரம் பிடிக்கும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று ரெட்லைன் வரை ஏற்றுபவர்கள் கெட்டி ஆயிலை வைத்துக்கொண்டு என்ஜினை அறைகிறார்கள். ஆயில் 80-ஐத் தாண்டும்வரை பொறுங்கள். 90 முதல் 110 வரை நிம்மதியான இடம். டிராக்கில் 120 சாதாரணம். 130-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கே போய் நிற்கிறது என்றால் தேவை ஆயில் கூலர், இன்னொரு கேஜ் அல்ல.

பிடிப்பு அதிகமான டயரோடு நீண்ட வளைவில் திரும்பும்போது சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். பிரஷர் அரை வினாடி விழுந்து மறுபடி எழும். அந்த நேரத்தில் உங்கள் கண் வளைவின் மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால் இதைக் கண்டுபிடிப்பது டேட்டா லாக் மட்டுமே. அதில் பக்கவாட்டு விசை ஏறும் இடத்திலெல்லாம் பிரஷர் கோடு பள்ளம் விழுந்தால், தடுப்புத் தகடு வைத்த சம்ப்புக்கு நேரம் வந்துவிட்டது.

சென்சாரை எங்கே, எப்படி மாட்டுகிறோம் என்பது கேஜின் பிராண்டைவிட முக்கியம். ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் சாண்ட்விச் பிளேட் எளிய வழி. ஆனால் கனமான பிரஷர் சென்சாரைப் பித்தளை அடாப்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து பிளாக்கிலிருந்து நீட்டிவிடாதீர்கள். அதிர்வில் பித்தளை விரிசல் விடும், ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வழியாக சென்சாரை பாடியில் மாட்டுவதுதான் சரி. மரையையும் கவனியுங்கள், என்பிடி என்றும் பிஎஸ்பிடி என்றும் இரண்டு வகை உண்டு. எட்டில் ஒரு அங்குல என்பிடி மரைக்கு அங்குலத்துக்கு 27 புரி, அதே அளவு பிஎஸ்பிடி மரைக்கு 28. ஜப்பானிய என்ஜின்கள் பலவற்றில் பிஎஸ்பிடிதான் இருக்கும். மாற்றி மாட்டினால் முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும், இன்னும் முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். ஒற்றை வயர் சென்சாரில் மரை முழுக்க டெஃப்லான் டேப் சுற்றுவதும் தவறு. அது பாடி வழியாகத்தான் எர்த் எடுக்கிறது.

கூலன்ட் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றிலோ ஆவியிலோ நிற்கும், என்ஜின் உருகிக்கொண்டிருக்கும்போது கேஜ் குறைவாகக் காட்டலாம். ரேஸ் கார்களில் கூலன்ட் பிரஷரையும் சேர்த்து அளப்பது இதனால்தான்.

கலவை: வைட்பேண்டின் வேலை

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 14.1, சுத்த எத்தனாலுக்கு 9. எரிபொருள் மாற மாற எண் மாறுவதால் குழப்பம் வரும். லாம்ப்டா அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. எந்த எரிபொருளானாலும் சரியான விகிதத்துக்கு லாம்ப்டா 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். கேஜில் இரண்டு வகையிலும் காட்டும் வசதி இருக்கும். ஆரம்பத்திலேயே லாம்ப்டாவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பழைய கார்களோடு வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் நேரோபேண்ட் வகை. லாம்ப்டா 1-க்கு ரிச் பக்கம் சுமார் 0.9 வோல்ட், லீன் பக்கம் சுமார் 0.1 வோல்ட் என்று தாவும். எந்தப் பக்கம் என்று சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்தத் தூரம்தான், அதையும் அளப்பதுதான் வைட்பேண்ட் சென்சார். முழு திராட்டிலில் டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் பொதுவாக 0.86-க்கும் 0.90-க்கும் இடையிலும், டர்போ என்ஜின் 0.78-க்கும் 0.84-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். நேரோபேண்டில் இணைத்து வண்ண விளக்குகள் அங்குமிங்கும் ஓடும் பழைய வகை கேஜ் இன்னும் கிடைக்கிறது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வைட்பேண்ட் வாங்கும்போது வட்டத்தின் பின்னால் இருக்கும் சென்சாரைப் பாருங்கள். இன்று பெரும்பாலான கிட்களில் வருவது பாஷ் எல்எஸ்யு 4.9. முந்தைய எல்எஸ்யு 4.2-ஐப் பயன்படுத்தும் கன்ட்ரோலர்களில் சென்சாரை வெளிக்காற்றில் வைத்து அவ்வப்போது அளவீடு செய்ய வேண்டும், 4.9-ஐக் கொண்டவற்றில் பெரும்பாலும் அந்த வேலை இல்லை. இரண்டிலும் கனெக்டருக்குள் ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாகச் சரிசெய்த ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. வயர் நீளம் பத்தவில்லை என்று கனெக்டரை வெட்டி எறிபவர்கள் அதையும் சேர்த்தே எறிகிறார்கள்.

சென்சாரின் உள்ளே இருக்கும் பீங்கான் 780 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேலை செய்கிறது. அதன்மேல் ஒரு துளி நீர் பட்டாலும் விரிசல் விடலாம். எக்ஸாஸ்ட் குழாயில் குளிர்ந்த ஸ்டார்ட்டின்போது நீர் சேரும் என்பதால், சென்சாரைக் குழாயின் அடியில் மாட்டாமல், கிடைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே, முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்ட வேண்டும். டர்போ காரில் டர்பைனுக்குப் பின்னால், கிட் சொல்லும் தூரம் தள்ளி. அதற்கு முன்னே இருக்கும் சூடும் அழுத்தமும் அளவீட்டைக் குழப்பி சென்சாரையும் தின்றுவிடும். மின்சாரம் இல்லாமல் சென்சாரை எக்ஸாஸ்ட்டில் விட்டுவைத்து ஓட்டாதீர்கள், கரி படிந்து செத்துப்போகும். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அதன் ஆயுளைக் குறைக்கும். எப்படிப் பார்த்தாலும் இது ஸ்பார்க் பிளக் மாதிரி தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பொருள். உதிரி சென்சார் சுலபமாகக் கிடைக்கும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

வைட்பேண்ட் அளப்பது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எரியாத வாயுக்களையும்தான், சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. சென்சாருக்கு முன்னே எக்ஸாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து லீன் என்று காட்டும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதால் லீன் என்றுதான் காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஃபயர் இன்னும் அதிகமாகும். கேஜ் லீன் என்று சொன்னதும் மேப்பில் (ஈசியுவில் உள்ள டியூனிங் அட்டவணையில்) கை வைக்காமல், முதலில் கசிவையும் இக்னிஷனையும் பாருங்கள்.

பூஸ்ட், ஃபியூயல் பிரஷர், எக்ஸாஸ்ட் சூடு

பூஸ்ட் கேஜ்தான் அதிகம் விற்பது, பார்க்கவும் ஜாலியாக இருக்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் அதன் இடம் பின்னால்தான். அழுத்தத்தைச் சொல்லும், எவ்வளவு காற்று உள்ளே போனது என்று சொல்லாது. அதே 1 பார் பூஸ்டில், அதாவது 14.5 பிஎஸ்ஐயில், காற்று 40 டிகிரியில் போவதும் 80 டிகிரியில் போவதும் என்ஜினுக்கு வேறு வேறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, நாக்கிங்கையும் கூட்டுவது. அதனால் இன்டர்கூலருக்குப் பின்னால் இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்தே பாருங்கள். சென்சார் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அழுத்தம், ஈசியு படிப்பது முழு அழுத்தம். ஆகவே 3 பார் மேனிஃபோல்ட் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஈசியுவுக்குச் சொல்வது) சுமார் 2 பார் பூஸ்ட் வரைதான் அளக்கும்.

ஃபியூயல் பிரஷருக்கு அவ்வளவு கவர்ச்சி இல்லை, ஆனால் பூஸ்ட் ஏற்றிய பெட்ரோல் காரில் நான் பூஸ்ட் கேஜுக்கு முன்னால் இதைத்தான் வைப்பேன். சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷனில் அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெகுலேட்டர் ஃபியூயல் பிரஷரையும் 1 பார் ஏற்றி 4 ஆக்க வேண்டும், அப்போதுதான் இன்ஜெக்டரின் இரு முனைக்கும் இடையே அதே 3 பார் நிற்கும். பம்ப் திணறி 3.4-இல் நின்றுவிட்டால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 2.4 மட்டுமே. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் எரிபொருள் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். லாம்ப்டா 0.80-இல் இருக்க வேண்டிய என்ஜின் முழு பூஸ்டில் 0.89-இல் ஓடும். வைட்பேண்ட் விளைவைச் சொல்லும், ஃபியூயல் பிரஷர் காரணத்தைச் சொல்லும். பெட்ரோல் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள், மின்சார சென்சார்தான் சரி. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் என்றால் ரெயிலில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் இருக்கும். அங்கே எதையும் சொருக முயலாமல் ஈசியுவிடமே கேட்டு வாங்குங்கள்.

எக்ஸாஸ்ட் சூட்டை அளப்பது கே வகை தெர்மோகப்பிள். பெட்ரோல் காரில் தொடக்கக்காரர் இதைத் தள்ளிப்போடலாம். டைமிங் பின்னுக்குப் போனாலும் சூடு ஏறும், கலவை மாறினாலும் ஏறும், எது காரணம் என்று இந்த ஒரு எண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. டியூன் செய்த டீசலுக்கோ இதுதான் முதல் கேஜ். டீசலில் எரிபொருளைக் கூட்டக் கூட்டச் சூடு ஏறும். டர்போவுக்கு முன்னால் 750 டிகிரியை ஒட்டி நீடித்து நின்றால் காலை எடுக்க வேண்டிய நேரம்.

நாக்கிங்குக்குத் தனி முள் தேடாதீர்கள். 86 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் அது சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும், பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அந்த அலைவரிசையைக் கேட்டு ஈசியுவுக்குச் சொல்லும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ஈசியுவால்தான் முடியும். டியூன் செய்பவர்கள் ஹெட்போனில் கேட்டு உறுதி செய்துகொள்வது தனிக் கலை.

காட்டும் கருவி, பதியும் கருவி

வாங்கும் வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால், காரின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் சொருகி ஈசியுவைப் படிக்கும் ஓபிடி ரீடரை வையுங்கள். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் அந்த போர்ட் கட்டாயம். கூலன்டின் நிஜமான சூடு, இன்டேக் காற்றின் சூடு, ஃபியூயல் டிரிம் (ஈசியு எரிபொருள் அளவில் செய்யும் திருத்தம்) எல்லாம் சின்ன புளூடூத் அடாப்டரிலேயே தெரியும். டிரிம் தொடர்ந்து கூட்டல் பத்து சதவீதத்துக்கு மேலே நின்றால் எங்கோ காற்று கசிகிறது அல்லது எரிபொருள் பத்தவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் டியூனிங் பேச்சே எடுக்க வேண்டாம். புதிய கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே வைட்பேண்ட் இருக்கிறது, இன்னொன்று வாங்குமுன் பாருங்கள். இதன் குறை வேகம். அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதில் வாங்குவதால், பத்து அளவுகளைக் கேட்டால் எல்லாமே தயங்கித் தயங்கி வரும். ஆயில் பிரஷர் பெரும்பாலும் இதில் கிடைக்கவே கிடைக்காது.

தனி கேஜ்கள் 52 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் என்று இரண்டு பொது அளவில் வருகின்றன. மாறும் போக்கைப் பார்க்க முள் நல்லது, துல்லியத்துக்கு எண் நல்லது. பழைய ரேஸ் கார்களில் கேஜ்களைத் திருகித் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முள்ளும் நேராக மேலே நிற்கும்படி வைப்பார்கள். ஒன்று சாய்ந்தால் எண்ணைப் படிக்காமலே கண்ணில் படும். நாம் செட் செய்யும் அளவில் எரியும் எச்சரிக்கை விளக்கும், உச்ச அளவை நினைவில் வைக்கும் வசதியும் இல்லாத கேஜை வாங்காதீர்கள். மூன்றுக்கு மேல் கேஜ் தேவைப்பட்டால் ஒரே டிஸ்ப்ளேவில் எல்லாம் வரும் கேன் பஸ் (காரின் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பு) வகை மலிவாகவே முடியும், வயரிங்கும் குறையும்.

வைட்பேண்டின் அனலாக் வயரை ஈசியுவிலோ லாக்கரிலோ இணைக்கும்போது எர்த் விஷயத்தில் கவனம் தேவை. 0 முதல் 5 வோல்ட் என்பது 10 முதல் 20 வரை காற்று-எரிபொருள் விகிதத்தைக் குறித்தால், இரண்டு கருவிகளின் எர்த்துக்கு இடையே 0.1 வோல்ட் வேறுபாடு வந்தாலே அளவில் 0.2 பிசகும். கேஜ் ஒன்று சொல்லும், லாக் வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் எர்த்தை ஒரே இடத்தில் எடுங்கள், அல்லது கேன் வழியாக அனுப்புங்கள்.

டியூனிங்குக்கு மூன்று வழி: காரின் சொந்த ஈசியுவின் மென்பொருளை மாற்றி எழுதும் ரீஃப்ளாஷ், அதன் சிக்னல்களை இடைமறித்து மாற்றும் பிக்கிபேக், எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டுத் தனி ஈசியு போடும் ஸ்டாண்டலோன். உங்கள் காருக்கு ரீஃப்ளாஷ் கிடைக்கிறது என்றால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது, தொழிற்சாலையின் நாக் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். பிக்கிபேக் ஈசியுவிடம் பொய் சொல்லி வேலை வாங்குகிறது, எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஸ்டாண்டலோனின் பெரிய லாபம் பாதுகாப்பு விதிகள். பூஸ்ட் 0.7 பாருக்கு மேலே இருக்கும்போது லாம்ப்டா 0.9-ஐத் தாண்டி கால் வினாடி நின்றால் என்ஜினை வெட்டு என்று எழுதி வைக்கலாம், ஆர்பிஎம்முக்கு ஏற்ப ஆயில் பிரஷருக்கும் எல்லை வைக்கலாம். முன்னே சொன்ன அந்த ஒரு வினாடிப் பிரச்சினைக்கு நேரடிப் பதில் இதுதான். இன்னொரு கேஜுக்கான பணத்தை இங்கே போடலாம்.

எந்த வழியானாலும், மேப்பில் ஒரு எண்ணை மாற்றுமுன் இப்போதைய நிலையில் முழு திராட்டில் ஓட்டம் ஒன்றைப் பதிவு செய்து வையுங்கள். முடிந்தால் டைனோவில் (காரை உருளைமேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் கருவியில்), அங்கேதான் லோடை ஒரே சீராக நிறுத்த முடியும். ஆர்பிஎம், திராட்டில், மேனிஃபோல்ட் அழுத்தம், லாம்ப்டா, இக்னிஷன் டைமிங், நாக், இன்டேக் சூடு, ஃபியூயல் பிரஷர் எல்லாம் ஒரே நேரக்கோட்டில், வினாடிக்குப் பத்து இருபது முறையாவது பதிவாக வேண்டும். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட இது இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், ஸ்டார்ட் செய்யாமல் ஒரு சோதனை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலன்ட், ஆயில், இன்டேக் காற்று மூன்றும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். ஆயில் பிரஷரும் பூஸ்டும் பூஜ்யம். மேனிஃபோல்ட் சென்சார் கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், 1,000 மீட்டர் உயரத்தில் 90-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். ஒன்று விலகி நின்றால் கோளாறு சென்சாரிலோ வயரிலோ அளவீட்டு செட்டிங்கிலோ இருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.